பல் வைத்த கோடு

"வருது, வருது! நல்லாக் கறுத்திட்டு வருது!" டிலுக்ஷி வானத்தைக் காட்டிக் குதித்தாள்.

மாத்தளையில் அவளும் நதாவும் படித்த கல்லூரியின் மொட்டைமாடியில், அந்த வியாழக்கிழமை மேக மப்புக்காகத்தான் எல்லோரும் காத்திருந்தார்கள். சூரிய வெப்பப் பொறியியலில் இறுதி வருஷச் சோதனை. இருவரும் சேர்ந்து மிளகு காயவைக்கும் பெட்டி ஒன்று செய்திருந்தார்கள். மேலே கண்ணாடி, அதன் கீழே கறுப்படித்த தகரம், அதற்கும் கீழே கருங்கல் சல்லி. வெயிலில் கல் சூடேறும். மப்புப் போட்டால் அந்தச் சூட்டை மிளகுக்குக் கொடுக்கும். கல் போடுவது நதாவின் யோசனை.

வெயில் போய் ஒரு மணித்தியாலத்துக்குச் சூடு நாற்பத்தைந்து பாகைக்குக் கீழே இறங்கக்கூடாது என்பது விதி.

விரிவுரையாளர் ஜைனுதீன் சேர் மணிக்கூட்டைப் பார்த்தார், வெப்பமானியைப் பார்த்தார். "ஒரு மணித்தியாலம் முடிஞ்சுது. இன்னும் ஐம்பத்தொண்டு. இது கல்லா, அடுப்பா?"

"கல்லுதான் சேர். எங்க நதாட கல்லு!" முதலில் கைதட்டியவள் டிலுக்ஷி.

தேறிவிட்டார்கள். இரத்தோட்டைப் பக்கம் ஆறு வீடுகளுக்கு இதேபோல் பெட்டி கொடுப்பதாக ஏற்பாடு. முதல் பெட்டி டிலுக்ஷியின் அம்மா லூசியாவுக்கு என்றுதான் பட்டியலில் இருந்தது. சோதனைக்கு முதல்நாள் புதன்கிழமை டிலுக்ஷியே அதை மாற்றி, நதாவின் சாச்சி, அவள் சின்னம்மா ஜுனைதாவின் பெயரை மேலே போட்டாள்.

"போன வருஷம் உங்க சாச்சியோட மிளகு முழுக்கப் பூஞ்சணம் புடிச்சிச்சேடி. அவங்களுக்கு முதல்ல போகட்டும். எங்கம்மா பொறுத்துக்குவாங்க."

அன்று நதா அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். சனிக்கிழமை சாச்சிக்கான புதுப் பெட்டி இரத்தோட்டைக்குப் போய்ச் சேர்ந்தது.

திங்கள் காலை நதா ரிப்போர்ட்டுக்காகச் சோதனையின் வெப்பநிலைக் கோட்டை வரைந்தாள். நிமிஷத்துக்கு ஒரு தடவை சூட்டைக் குறித்துவைக்கும் சின்னக் கருவி பெட்டிக்குள் இருந்தது. கல் ஆறும்போது கோடு வழுக்கிக்கொண்டு கீழே வரவேண்டும். இந்தக் கோடு ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. வாளின் பல் மாதிரி, ஆறு நிமிஷத்துக்கு ஒரு பல்.

கல்லுக்கு ஏறத் தெரியாது. தானாகப் பற்றித் தானாக அணைவது இஸ்திரிப் பெட்டி மாதிரிக் கரண்டில் சூடாகும் சாமான்தான்.

மாடிக்கு ஓடினாள். சோதனைப் பெட்டியின் தகரத்தைக் கழற்றிச் சல்லியை இரண்டு கையாலும் வாரி வெளியே போட்டாள். அடியில் ஒரு ஹீட்டர் கொயில் கிடந்தது. அதன் வயர், பெட்டிக்குள் காற்றோட்டத்துக்கு வைத்த சின்னக் காற்றாடிக்குக் கரண்ட் எடுத்த வயரோடு சேர்த்துக் கறுப்பு டேப்பால் சுற்றப்பட்டிருந்தது. காற்றாடி வேலை டிலுக்ஷியுடையது.

"ஏய், இங்கயா இருக்க? சாப்பிடப் பணிஸ் வாங்கிட்டு வந்தேன்..." படியேறி வந்த டிலுக்ஷி அப்படியே நின்றாள்.

"எப்ப வெச்ச?"

"நதா, கேளு..."

"எப்ப வெச்சன்னுதான் கேக்குறன்."

"புதன்கிழமை." பணிஸ் பையை மெல்லக் கீழே வைத்தாள். "செவ்வாய்க்கிழமை நீ கலியாண வீட்டுக்குப் போனியே, அன்னிக்கு மப்பு போட்டுச்சு. சும்மா பார்த்தேன். நாப்பத்தொண்ணுக்கு இறங்கிடுச்சு."

"எனக்கு ஏன் சொல்லல்ல?"

"சொன்னா நீ எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டிருப்ப. வியாழக்கிழமை சோதனை. இதுல தேறலன்னா எனக்கு அந்தக் கொழும்பு வேலை இல்லடி. எங்கம்மா சாகுற வரைக்கும் தேயிலைக் கொழுந்துதான் எடுக்கணும்."

"நாலு டிகிரிதானேடி குறைஞ்சிச்சு? என்ட கல்லுல உனக்கு நம்பிக்கை இல்லாட்டி மூஞ்சிக்கு நேரே சொல்லியிருக்கலாமே. சேருக்கு முன்னால கைதட்டினியே!"

"உனக்காகவும்தான் செஞ்சேன்."

"எனக்காக ஒண்டும் செய்யாத."

பணிஸை யாரும் தொடவில்லை. நதா அடுத்த பஸ்ஸில் இரத்தோட்டைக்குப் புறப்பட்டாள். அன்றுதான் சாச்சி மிளகைப் பெட்டியில் போடுவதாகச் சொல்லியிருந்தாள்.

சாச்சி முற்றத்தில் பச்சை மிளகைக் கூடையிலிருந்து தட்டில் பரப்பிக்கொண்டிருந்தாள். "மிளகு காயவெக்க மூணு வருஷம் படிச்ச புள்ள வந்திட்டா! எங்க உம்மா படிக்காமலே காயவெச்சா, தெரியுமா?"

"சாச்சி, போடாதீங்க. மப்புல இது தாங்காது. திரும்பவும் பூஞ்சணம் புடிச்சிரும்."

"சேர் பாஸ் பண்ணினாரே?"

"உள்ள கரண்ட் கொயில் வெச்சு ஏமாத்தினது சாச்சி. டிலுக்ஷி. எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்."

சாச்சி கையிலிருந்த மிளகைக் கூடைக்குள் திரும்பப் போட்டாள். "லூசியா எவ்வளவு நல்ல மனுசி. தன்ட முறையையே எனக்கு விட்டுத் தந்தாளே."

"லூசியா அன்ட்டி விடல்ல. டிலுக்ஷிதான் பேரை மாத்தினா."

"எப்ப?"

"புதன்... கொயில் வெச்ச அதே புதன்கிழமை."

செவ்வாய்க்கிழமை சூடு இறங்கியதைப் பார்த்திருக்கிறாள். புதன்கிழமை கொயிலை வைத்துவிட்டு, அன்றே தன் அம்மாவின் பெயரை எடுத்திருக்கிறாள்.

சாச்சி அவள் முகத்தையே பார்த்தாள். "தன்ட உம்மாட மிளகைக் காப்பாத்திக்கிட்டா," என்றாள்.

நதா போனை எடுத்தாள். பல் வைத்த கோட்டையும் கொயிலின் படத்தையும் ஜைனுதீன் சேருக்கு அனுப்பினாள்.

"அந்தச் சோதனையில உன்ட பேரும் ஈக்குதே, புள்ள," என்றாள் சாச்சி.

"ஈக்கு."

"உன்னையும் ஃபெயிலாக்கிருவாங்களே."

"ஆக்கட்டும்."

பேசிக்கொண்டிருக்கும்போதே மப்புப் போட்டது. சாச்சி ஒரு பாயை இழுத்துவந்து தாழ்வாரத்தில் விரித்து மிளகைக் கொட்டினாள். பிறகு பெட்டியின் பக்கக் கதவைத் திறந்து உள்ளே கையைவிட்டுக் கல்லைத் தொட்டாள்.

"சூடு ஈக்குதே?"

"ஈக்கு சாச்சி. பத்தாது."

"அப்ப இன்னும் கொஞ்சம் கல்லுப் போட ஏலாதா?"

"ஏலும். தட்டை உசத்தி, இன்னொரு அடுக்குப் போடணும்."

"அதுக்கு எவ்வளவு நாள் போகும்?"

"ரெண்டு நாள்."

"ரெண்டு நாள்தானா?" என்றாள் சாச்சி. பெட்டிக்குள் விட்ட கையை எடுக்கவில்லை. "ரெண்டு நாள்தானா, மகள்?"

நதா பாயில் குந்தி மிளகைப் பரப்பத் தொடங்கினாள். செவ்வாயிலிருந்து வியாழன்வரை டிலுக்ஷிக்கும் இருந்தது அதே இரண்டு நாள்.