மாமரத்தடியில் மெரெயோனி

"நா-நான் பள்ளிக்கூடம் போகமாட்டேன்! இனிமே போகவே மா-மாட்டேன்!" வைசாகே பையைப் பாயில் வீசினான்.

அம்மா சுலுவெதி மரவள்ளிக்கிழங்கு உரிப்பதை நிறுத்தவில்லை. "எமோசி உன் மாமன் மகன்தானேடா? முறைக்காரன் கேலி பண்ணத்தான் செய்வான். கோபப்பட்டா நம்ம வீட்டுக்குத்தான் வெட்கக்கேடு."

எங்கள் பீஜிக் கிராமத்துச் சட்டம் அப்படி. மாமன் மகனும் அத்தை மகனும் ஒருவரையொருவர் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், கேட்டவன் சிரித்துவிட வேண்டும். வைசாகேக்கோ திக்குவாய். அவன் பதில் சொல்லி முடிப்பதற்குள் மணியடித்துவிடும். அப்புறம் என்ன முறை, மண்ணாங்கட்டி!

தேங்காய் கொடுக்க வந்த மெரெயோனி வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டாள். எமோசியின் சொந்தத் தங்கை. அண்ணனின் லட்சணம் அன்றுதான் அவளுக்குத் தெரிந்தது. வளர்ந்த அண்ணனும் தங்கையும் எங்கள் ஊரில் பேசிக்கொள்வதில்லை. தங்கை காதுபட அண்ணன் கேலி பேசினால் மானம் கப்பலேறிவிடும்.

"அவன் வருவான் அத்தை. நான் கூட்டிட்டுப் போறேன்."

மறுநாள் மதியம், பள்ளிக்கூட மாமரத்தடியில் எமோசி ஆரம்பித்தான். "படகு எஞ்சினைப் பாருங்கடா! எத்தனை இழு இழுத்தாலும் டு-டு-டுங்குது, கிளம்ப மாட்டேங்குது!"

பையன்கள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். சிரிக்காதவன்மேல் அடுத்த கேலி விழும் என்பது அவர்களுக்குத் தெரியாதா?

மெரெயோனி வந்து வைசாகே பக்கத்தில் உட்கார்ந்து, சாப்பாட்டைப் பிரித்தாள். எமோசியின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது. வாரம் முழுக்க இதே கூத்துதான்.

சனிக்கிழமை அவள் அப்பா குதித்தார். "அண்ணன் இருக்கிற இடத்துல உனக்கென்னடி வேலை? மரியாதை கெட்ட கழுதை!"

"அண்ணன் வைசாகேயைக் கேலி பண்றது மட்டும் சரியா?"

"அது முறைடி!"

"நான் வாயே திறக்கலையேப்பா. திங்கத்தான் திறந்தேன்."

ஞாயிற்றுக்கிழமை, தேவாலயம் முடிந்ததும் பெரியவர்கள் கூடிப் பேசி, மெரெயோனி மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றார்கள். யார் மனம் புண்பட்டதாம்? எமோசி மனம்! வயிற்றெரிச்சல். அவள் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்டாள்.

திங்கட்கிழமை மதியம், மாமரத்தடியில் அதே இடத்தில் வந்து உட்கார்ந்தாள்.

வைசாகே பதறினான். "ம-மறுபடியும் மன்னிப்பு கே-கே..."

வார்த்தை சிக்கிக்கொண்டது. யாரும் சிரிக்கவில்லை. எமோசி மரத்தில் மாங்காய் தேடினான். மெரெயோனி காத்திருந்தாள்.

"...கேக்கணுமே?"

"ஞாயித்துக்கிழமைதானே? கேட்டுட்டாப் போச்சு. கிழங்கை இப்படித் தள்ளு."