நீ என்று முடிந்த பாட்டு

மரம் அறுக்கும் மில்லில் என் தம்பிக்குப் பெயர் ரேடியோ. லாரியில் பலகை ஏற்றும்போதும் வாய் ஓயாது. "டேய் ரேடியோ, ஸ்டேஷனை மாத்துடா" என்பார் லோடுமேன். அவன் சாப்பாட்டு நேரத்தில் கிடாரை மீட்டிச் சொந்தமாகப் பாட்டுக் கட்ட ஆரம்பித்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. நான் அதே மில்லில் பலகைகளை அளந்து குறி போடும் வேலையில் இருந்தேன்.

ரம்பம் ஓட்டும் மேஸ்திரி, ரம்பப் பட்டையில் விரிசல் விட்டிருக்கிறது என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "வெல்டு வெச்சு ஓட்டுய்யா" என்றார் முதலாளி. செவ்வாய்க்கிழமை பட்டை அறுந்து பறந்தது. மேஸ்திரி இரண்டு கைகளாலும் கழுத்தைப் பொத்திக்கொண்டு என்னை நோக்கி நாலு எட்டு நடந்தார். ஐந்தாவதில் விழுந்தார். ரத்தத்தின் மேல் மரத்தூளை அள்ளிப் போடச் சொன்னார் முதலாளி. மதியமே இன்னொரு ரம்பம் ஓடியது.

தம்பி பாட்டுக் கட்டினான்.

விரிசல் விட்ட ரம்பத்தை ஓட்டச் சொன்னது நீ,
வெட்டுப்பட்ட ரத்தத்தில் தூளைப் போட்டது நீ.

ஒவ்வொரு வரியும் நீண்டு இழுக்கும் ஒரு 'நீ'யில் முடியும். அதைக் கேட்டுத்தான், அதுவரை கல்லாக உட்கார்ந்திருந்த மேஸ்திரியின் மனைவி வாய்விட்டு அழுதாள். யாரோ போனில் பிடித்து அனுப்பினார்கள். பஸ்ஸில், சலூனில், எங்கும் அதுதான். ரெக்கார்டிங் செய்ய சனிக்கிழமை வரச்சொல்லி அவனுக்கு ஒரு ஸ்டுடியோவிலிருந்து அழைப்பு வந்தது.

"முதலாளியைப் போய் 'நீ'ன்னு பாடறியேடா" என்றேன்.

"பாட்டுல கடவுளையே நீன்னுதான்க்கா கூப்பிடறோம். இவருக்கு மட்டும் என்ன ஸ்பெஷலா?"

வெள்ளிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் முதலாளி வந்தார். கூடவே அவருடைய மச்சானும் இரண்டு ஆட்களும். கேட்டைச் சாத்தினார்கள். தம்பியின் கிடாரை ரம்பத்தில் கொடுத்தார்கள். கம்பிகள் அறுபடும் சத்தம் எல்லாருக்கும் கேட்டது. பிறகு அவன் இடது கையைப் பலகை மேல் வைத்து மச்சான் இரும்புக் கம்பியால் அடித்தான். மூன்று விரல்கள் நசுங்கின. நான் ஓடினேன். ஒருவன் என் முடியைக் கொத்தாகப் பிடித்து மண்டி போட வைத்தான்.

முதலாளி கத்தவில்லை. "நான்தான் காரணம்னு பாடு, கோர்ட்ல பார்த்துக்கறேன். என் மாமனாரே என்னை வாங்க மாப்பிள்ளைன்னுதான் கூப்பிடறாரு. நீ யாருடா என்னை 'நீ'ன்னு கூப்பிடறதுக்கு? இவங்க எல்லார் முன்னாடியும் மரியாதையாப் பாடு. விட்டுடறேன்."

தம்பி என்னைப் பார்த்தான். மறுநாள் ரெக்கார்டிங் இருந்தது. அதைவிட, அவன் உயிரோடு வீட்டுக்கு வரவேண்டியிருந்தது.

"நீங்கன்னு பாடிடுடா" என்றேன். "ரெண்டு எழுத்துதானே கூட."

பாடினான். முழு மனசோடுதான் பாடினான். அது எனக்குத் தெரியும். ஆனால் மெட்டில் அந்த இரண்டு எழுத்துக்கு இடமில்லை. இழுத்துப் பாடிய 'நீ'க்குப் பின்னால் 'ங்க' விக்கல் மாதிரி வந்து விழுந்தது. "ஓட்டச் சொன்னது நீ...ங்க."

ஒரு சிரிப்பு கிளம்பியது. அடுத்து லோடுமேன் சிரித்தார். பிறகு வேலையாட்கள் முப்பது பேரும் சிரித்தார்கள். அந்த மில்லில் முதலாளியைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை.

தம்பி நிமிர்ந்து எங்களைப் பார்த்தான். மெட்டு எங்கே இடறுகிறது என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. இரண்டாவது வரியை யாரும் பாடச் சொல்லவில்லை. அவனே பாடினான், 'ங்க'வை வேண்டுமென்றே இன்னும் பின்னால் தள்ளி.

முதல் அடி வாயில். பற்கள் தூளில் சிதறின. அடுத்தது தலையில். என் முடியைப் பிடித்திருந்தவனின் கையில் ஒரு கொத்தை விட்டுவிட்டுப் போய் தம்பி மேல் விழுந்தேன். என் இடது காது அன்றோடு போனது. அவனை அதற்குப் பிறகும் அடித்தார்கள். மில் வேலையாட்கள் கட்டைகளை எடுத்துக்கொண்டு ஓடி வந்தபோது என் கைக்குள் இருந்த தலை தலையாக இல்லை.

ஆஸ்பத்திரிக்கு லோடுமேன் வந்தார். என் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"நான் சிரிச்சிருக்கக் கூடாதும்மா. அடக்கியிருந்தா விட்டிருப்பானுங்க."

வலது காதை அவர் பக்கம் திருப்பினேன்.

"நீங்க இல்லண்ணே" என்றேன். "முதல்ல சிரிச்சது நான்."