படகு அவனுக்கு, பாய்மரம் அவளுக்கு

விவாகரத்து ஒப்பந்தத்தின் நான்காம் பக்கத்தில் படகைப் பற்றி இரண்டு வரி இருந்தது. படகு கணவருக்கு. பாய், பாய்மரம், கம்பி, கயிறு முதலான சாமான்கள் மனைவிக்கு. சோபாவையும் மெத்தையையும் பிரித்த கையோடு யாரோ இதையும் பிரித்துவிட்டார்கள். வக்கீல் குமாஸ்தா வாசித்தபோதே இருவருக்கும் கோளாறு புரிந்தது. ஆனால் முதலில் வாய் திறப்பவர் இறங்கிப்போனதாக ஆகிவிடும். அதனால் இருவரும் சம்மதம் என்றார்கள். அந்தக் கல்யாணத்தில் அவர்கள் கடைசியாக ஒத்துப்போன விஷயம் அதுதான்.

அவன் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவன். இதை யாரும் குத்திக்காட்டவில்லை, காட்டியிருந்தாலும் உறைத்திருக்காது. ஆறு மாதமாக அவன், பல் டாக்டர் ஊசி போட்ட கன்னம் மாதிரி இருந்தான். சாப்பிட்டான், வேலைக்குப் போனான், பேருந்தில் யாராவது காலை மிதித்தால் மிதித்தவரிடமே மன்னிப்புக் கேட்டான்.

சனிக்கிழமைகள் மட்டும் அவனுக்கும் எட்டு வயது மகளுக்கும் என்று ஏற்பாடு. நாலு சனிக்கிழமை அவனுடைய வாடகை அறையில் ஒரு மேசையையும் ஒரு மின்விசிறியையும் பார்த்துவிட்டுப் போனவள், ஒரு திங்கட்கிழமை போன் செய்தாள்.

"அப்பா, சனிக்கிழமை நீச்சல் கிளாஸ் சேரலாம்னு இருக்கேன். உனக்கு ஒண்ணும் இல்லையே?"

"படகு இருக்கே," என்றான் அவன், வாய் தவறி.

"ஓடுமா?"

"இந்தச் சனிக்கிழமை ஓடும்."

"சரி. பார்த்துட்டு முடிவு பண்றேன்."

ஏரிக்கரைக் கொட்டகையில் படகு மொட்டையாகக் கிடந்தது. இரண்டு பேர் உட்காரக்கூடிய சின்னப் படகு. பாய்மரம் ஊன்றும் குழியில் யாரோ டீக் கோப்பை போட்டிருந்தார்கள். மறுநாளே அவன் ஒரு பழைய பாய்மரத்தை ஓர் ஆளிடமும், பாயை இன்னோர் ஆளிடமும், மரத்தை இழுத்துக் கட்டும் கம்பிகளை மூன்றாவது ஆளிடமும் வாங்கிவிட்டான். மூவரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: எல்லாப் படகுக்கும் சேரும்.

புதன்கிழமை மாலை மச்சான் உதவிக்கு வந்தான். மனைவியின் தம்பி, எலக்ட்ரீஷியன்.

"ஒப்பந்தத்துல என்னைப் பத்தி ஒண்ணும் எழுதலையே அத்தான். அப்ப நான் ரெண்டு பேருக்கும் பொதுதான்," என்றான், கூச்சமே இல்லாமல்.

இருவரும் டேப்பை நீட்டினார்கள். பாயின் முன்விளிம்பு மரத்தைவிட முப்பது சென்டிமீட்டர் நீளம். கம்பிகள் ஒரு சாண் குட்டை. பாயின் ஓரத்தில் தைத்த கயிறு, மரத்தில் நீளமாக ஓடும் காடிப் பள்ளத்துக்குள் நுழைய வேண்டும். அது இரண்டு விரற்கடை ஏறி, உறவினர் வீட்டு வாசலில் நிற்பவர்போல நின்றுவிட்டது. மரத்தின் அடி குழிக்குள் இறங்கவே இல்லை.

கொட்டகையின் கடைசி அறையில் பாய் தைக்கும் அக்கா, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு வந்து பார்த்தாள்.

"என்னப்பா இது, மூணு வீட்டு மிச்சத்தை ஒரே தட்டுல கொட்டின மாதிரி."

"பாயைக் கீழே வெட்டிக்கலாமாக்கா?"

"வெட்டலாம். அப்புறம் வயிறு இருக்கவேண்டிய எடத்துல முதுகு இருக்கும். காத்து பிடிக்காது. கொடியில போட்ட பெட்ஷீட் மாதிரி அடிச்சுக்கிட்டே நிக்கும்."

"மரத்தோட அடியைக் கொஞ்சம் செதுக்கினா?"

"அலுமினியக் குழாய்ப்பா அது. பென்சிலா, செதுக்கறதுக்கு?" அவள் குழியை விரலால் அளந்தாள். "இந்தக் குழிக்குன்னு ஒரு மரம் இருந்திருக்குமே. அது எங்க?"

அவன் ஏரியைப் பார்த்தான்.

"எங்க அக்கா வீட்டுல," என்றான் மச்சான். "பால்கனியில பாதி, ஹால்ல பாதி. துணி காயுது."

"போய்க் கேக்கவேண்டியதுதானே."

"கேக்கலாம்," என்றான் அவன். கடனே என்று நின்றான்.

கேட்டது மச்சான்தான். வியாழக்கிழமை மதியம் ஒரு காகிதத்தோடு அச்சகத்துக்கே வந்துவிட்டான்.

"அவளும் விக்கத்தான் பார்த்தாளாம் அத்தான். அந்த மரம் வேற எந்தப் படகுக்கும் சேரலையாம். ஆளுக்கு ஒரு செருப்பை வெச்சுக்கிட்டு ரெண்டு பேரும் வீம்பா நிக்கறீங்க. சரி, இதைப் படிங்க."

படகு மனைவியின் பெயருக்கு மாற வேண்டும். சனிக்கிழமை மட்டும் அவன் எடுத்துக்கொள்ளலாம். மாலை ஆறுக்குள் கழுவித் துடைத்துத் திரும்ப வைக்க வேண்டும்.

"கோபம் வரலையா அத்தான்?"

"வரணும்தான்," என்றான் அவன். பழக்கதோஷத்தில் காகிதத்தை இரண்டு முறை படித்தான். 'திரும்ப' என்பதில் ஒரு புள்ளி விட்டுப்போயிருந்தது. அதை வைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.

சனிக்கிழமை காலை மச்சான் மரத்தைத் தோளிலும், அதன் பாயையும் கம்பிகளையும் கையிலும் கொண்டுவந்தான். மரத்தில் இன்னும் இரண்டு துணிக் கிளிப்புகள் இருந்தன. மரம் குழிக்குள் சத்தமில்லாமல் இறங்கியது. கம்பிகள் மூன்றும் அதனதன் துளையில் போய் உட்கார்ந்தன. பாய் ஒரே இழுப்பில் உச்சிக்கு ஏறியது. பாய் தைக்கும் அக்கா தூரத்திலிருந்தே தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். சந்தோஷப்பட வேண்டிய நேரம் இது என்று அவனுக்குத் தெரிந்தது, தெரியாத ஊரின் பஸ் நேரம் தெரிவதுபோல.

மகள் மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள். கரை விலகியது.

"அப்பா, இது இப்ப யாரோட படகு?"

"அம்மாவோடது."

"உன்னோடது இல்லையா?"

"சனிக்கிழமைல மட்டும்."

அவள் தண்ணீரில் கையை விட்டு, கொஞ்ச தூரம் வரை யோசித்தாள். "அப்ப கிளாஸை ஞாயித்துக்கிழமைக்கு மாத்திக் கேக்கணும். எடம் இருக்குமோ என்னவோ."

"கேட்டுப் பாரு."

"நீ கேளு. பெரியவங்க கேட்டாத்தான் குடுப்பாங்க."

காற்று திடீரென்று முழுதாகப் பாயில் விழுந்தது. படகு சாய்ந்தது, கயிறு அவன் உள்ளங்கையை உரசிக்கொண்டு ஓடப் பார்த்தது. பிடித்துவிட்டான். இரண்டாவது திருப்பத்துக்குப் போகும்போதுதான் கை எரிவது தெரிந்தது. நன்றாகவே எரிந்தது. கயிற்றை அவன் மறு கைக்கு மாற்றவில்லை.

"சரி," என்றான். "நான் கேக்கறேன்."