விலை கேட்காத குரல்

வெப்சைட் போட்ட ஐந்தாம் நாள் காலையில்தான் முதல் அழைப்பு வந்தது. கர்ட்டன் தைப்பவள் கத்தரிக்கோலை வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். கழுத்தில் எந்நேரமும் அளவு நாடா தொங்குவதால் அந்தத் தெருவுக்கு அவள் 'டேப்பு'. குளிக்கும்போதாவது அதைக் கழற்றுவாளா என்று அவள் நாத்தனாருக்கே சந்தேகம் உண்டு.

ஆண் குரல். மெதுவான, மரியாதையான குரல். வெப்சைட்டில் மூன்றாவது படத்தில் இருக்கும் பறவை கர்ட்டனைப் பற்றிக் கேட்டது. அந்தப் பூவேலை உங்களுடையதா என்றது. அடுத்தவர் வேலையைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் பழக்கம் அவளுக்கு இல்லை. பறவைகள் அந்த வீட்டுப் பெண்ணே பின்னியவை, மடிப்பும் உள்துணியும் மட்டும்தான் நம் கைவேலை என்றாள்.

"அதுல ஒரு பறவைக்குக் கண்ணு இருக்காதே, கவனிச்சீங்களா?"

"ஆமாங்க." சிரித்துவிட்டாள். "அதை மட்டும் கீழ் மடிப்புக்குள்ள தள்ளிட்டேன். வெளியில தெரியாது."

நேரில் பார்க்க முடியுமா என்று கேட்டது குரல். பதினொரு வருடமாக யார் கேட்டாலும் சொல்லும் பதில் அவள் நாக்கின் நுனியிலேயே இருந்தது. கர்ட்டன் வீட்டுக்காரர்களுக்கு உள்பக்கம், ஊருக்கு வெளிப்பக்கம். தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தால்தான் தையல்காரியின் யோக்கியதை தெரியும். பேக்கரி இருக்கும் தெரு, பச்சை கேட், மாடியில் மூலை ஜன்னல் என்று அடையாளம் சொன்னாள். குரல் நன்றி சொல்லிவிட்டு வைத்தது.

அவள் முகம் பூரித்திருந்தது. எதிரே உட்கார்ந்து ஓரம் அடித்துக்கொண்டிருந்த நாத்தனார் பல்லில் கடித்த நூலோடு நிமிர்ந்து, எத்தனை ஜன்னலாம் என்று கேட்டாள். அவன் சொல்லவில்லை. அகலம்? அதையும் சொல்லவில்லை. விலை?

"கேக்கலை அண்ணி."

"விலை கேக்கலையா? சும்மா குடுத்தாக்கூட என்ன விலைன்னு கேட்டுட்டுத்தானடி வாங்குவாங்க."

நாத்தனார் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் டேப்பு யோசித்துப் பார்த்தாள். இத்தனை வருடத்தில் விலையும் கேட்காமல், ஜன்னல் அளவும் சொல்லாமல் ஒருவர்கூட கர்ட்டனைப் பற்றிப் பேசியதில்லை. அப்புறம் அந்தப் பறவை. கண் வைக்காத பறவையை அவள் மடித்து உள்ளே தைத்தது படம் எடுப்பதற்கு முன்னால். படத்தில் அது கிடையாது.

அந்தத் துணி ஜன்னலுக்கு வருமுன்பே பார்த்தவன் அவன்.

அந்த மாடிப் பெண் வந்த நாள் ஞாபகம் வந்தது. பெயர் சொல்லவில்லை. டேப்பின் நோட்டிலும் வாடிக்கையாளர்களுக்குப் பெயர் கிடையாது, ஜன்னல்தான் உண்டு: 'மாடி மூலை, பறவைப் போர்வை.' ஒரு படுக்கை விரிப்பைக் கொண்டுவந்து, இதைக் கர்ட்டனாக்க வேண்டும், உள்துணி இரண்டு மடங்கு வேண்டும், விளக்குப் போட்டால் ஆள் நிழல் வெளியே விழக் கூடாது, நடுவில் இரண்டு பக்கமும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்க வேண்டும் என்றாள். "உள்ள புதையலா வெச்சிருக்கீங்க?" என்று டேப்பு கேட்டதற்கு அவள் சிரிக்கவில்லை. போன் நம்பர் கேட்டதற்கு, நானே வந்து கேட்டுக்கொள்கிறேன் என்றாள். எல்லாமே அன்றைக்கே தெரிந்திருக்க வேண்டிய விஷயங்கள். தெரியவில்லை. டேப்பு அப்போது துணியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாட்டி முடித்த அன்று அந்தப் பெண் தண்ணீர் கொண்டுவர உள்ளே போனாள். அந்த நேரத்தில் டேப்பு தன் போனில் நாலு படம் எடுத்தாள். கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பாளோ என்ற எண்ணம் ஒரு கணம் வந்து போனதும் உண்மை. அதை இப்போது தனக்குத் தானே ஒத்துக்கொள்வது, நகக்கண்ணில் ஊசி ஏறியது போல இருந்தது.

வெப்சைட் செய்துகொடுத்தவர் விசிட்டிங் கார்டு அச்சடிக்கும் பிரஸ்காரர். பெரிய கம்பெனிகள் கேட்ட தொகையைக் கேட்டுத் தலை சுற்றி, இரண்டாவது மெஷினுக்காகச் சேர்த்ததில் பாதியோடு அவரிடம் போய் நின்றாள். நல்ல மனிதர். இந்தப் பணத்துக்கு ஒரே பக்கம் போதும், போன் நம்பரைக் கொட்டை எழுத்தில் போடுவோம், படம் எடுக்க ஆள் வைக்காதீர்கள், உங்கள் போனில் இருப்பதே உண்மையான படம், ஒவ்வொரு படத்துக்கும் கீழே ஏரியா பெயர் போட்டால் தேடுகிறவர்களுக்கு நீங்கள் முதலில் தெரிவீர்கள் என்றார். விளம்பரத்துக்குக் காசு இல்லையா, தெரிந்தவர்களுக்கெல்லாம் லிங்க் அனுப்பி, அவர்களையும் அனுப்பச் சொல்லுங்கள் என்றார். நாத்தனார் தன் பங்குக்கு நாற்பது பேருக்கு அனுப்பினாள். நாற்பது பேர் எத்தனை பேருக்கு அனுப்பினார்களோ. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

பாஸ்வேர்டு பிரஸ்காரரிடம் இருந்தது. அவர் போன் அணைந்திருந்தது. பத்துக் கடை தள்ளித்தான் பிரஸ். ஷட்டரில் 'மூன்று மணிக்கு வருவேன்' என்று ஒரு அட்டை தொங்கியது. மணி பத்தரை.

தன் கடை, தன் பெயர், தன் வெப்சைட். அதில் ஒரு படத்தை நீக்கத் தனக்குக் கை இல்லை.

ஷட்டருக்கு முன்னால் நின்றபோது, பேசாமல் இருந்துவிடலாமா என்று தோன்றியது. ஒருவேளை சொந்தக்காரராக இருக்கலாம், அண்ணனாக இருக்கலாம். எதுவும் நடக்காமலே போகலாம். நடந்தாலும் விலாசம் சொன்னது யார் என்று யாருக்குத் தெரியப்போகிறது? அந்த எண்ணம் எவ்வளவு சௌகரியமாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தது என்பதுதான், அந்தக் குரலைவிட அவளை அதிகம் பயமுறுத்தியது. கடையை நாத்தனாரிடம் விட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினாள்.

கால் மணி நேர வழி. பேக்கரி வாசலில் ரொட்டிக்கு நின்ற ஆண்கள், பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தவன், பெஞ்சில் பேப்பர் படித்தவர். அவளுக்கு அவன் முகம் தெரியாது. குரல் மட்டும்தான் தெரியும். வாய் திறக்காத ஒவ்வொரு ஆணும் அவனாக இருக்கலாம். மேலே மூலை ஜன்னலில் நீலப் பறவைகள் வெயிலில் பளிச்சென்று தெரிந்தன. எவ்வளவு நன்றாகத் தைத்திருக்கிறோம் என்று தன்னையறியாமல் மனம் சொன்னது. வெட்கமாக இருந்தது.

கதவைச் சங்கிலி போட்டபடி திறந்த பெண்ணிடம் மூச்சு வாங்கச் சொல்லி முடித்தாள். படம் எடுத்தது, போட்டது, குரல், கண்ணில்லாத பறவை, விலாசம். திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும்.

"சொல்லி எத்தனை நிமிஷம் ஆச்சு, அக்கா?"

"முப்பது, முப்பத்தஞ்சு இருக்கும்மா."

அந்தப் பெண் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு பையை எடுத்தாள். அது புதிதாகக் கட்டிய பை அல்ல. வாரில் தூசி படிந்திருந்தது. தினமும் தயாராக அங்கேயே இருந்த பை. இன்னொரு ஊர், இன்னொரு வேலை, இன்னொரு ஜன்னல். நாலாவது முறை என்றாள் அந்தப் பெண், பஸ் மாறுவதைச் சொல்வது போல.

"எங்க வீட்டுக்காரர் யார் சொன்னாலும் நம்ப மாட்டார். கண்ணால பாத்தாத்தான் நம்புவார்," என்றாள். "பாத்துட்டார்னா அப்புறம் மறுபேச்சு கிடையாது."

டேப்பின் கை தானாகக் கழுத்து நாடாவுக்குப் போனது. கண்ணால் பார்ப்பதற்கு என்ன வைப்பது என்பது அவள் தொழில்.

"அப்ப அவர் பாக்கறதை நாம மாத்துவோம்."

ஸ்டூலில் ஏறினாள். அவசரத்தில் வளையங்கள் கம்பியில் கடகடவென்று அடித்துக்கொண்டன. இரண்டு பக்கத்தையும் இறக்கினாள். வெளிச்சம் அறைக்குள் கொட்டியபோது அந்தப் பெண் சுவரோடு ஒட்டிக்கொண்டாள். பழைய செய்தித்தாள்களை உள்பக்கமாகக் கண்ணாடியில் ஒட்டினார்கள். காலி வீட்டு ஜன்னல்கள் எல்லா ஊரிலும் அப்படித்தான் இருக்கும். பிறகு, காலையில் அவன் கூப்பிட்ட நம்பருக்கே டேப்பு போன் செய்தாள், ஸ்பீக்கரில் போட்டு.

"சார், தப்பா சொல்லிட்டேன். அந்த வீட்டை எப்பவோ காலி பண்ணிட்டாங்க. அந்தக் கர்ட்டனை நானே வாங்கி என் கடையில மாட்டியிருக்கேன். நேரா கடைக்கே வந்துடுங்க."

பின்னணியில் பஸ் இரைந்தது. "பரவாயில்லைங்க. இன்னும் ரெண்டு ஸ்டாப்தான். அந்த வீட்டையும் ஒரு எட்டுப் பாத்துட்டு, அப்படியே உங்க கடைக்கு வர்றேன்."

குரலைக் கேட்டதும் அந்தப் பெண் கண்ணை மூடித் தலையை மட்டும் அசைத்தாள். அவன்தான்.

பின்படிக்கட்டு வழியாக இறங்கினார்கள். கூட வேலை செய்யும் ஒருத்தியின் வீட்டுக்குப் போவதாக அவள் சொன்னாள். எந்தத் தெரு என்று சொல்லவில்லை. டேப்பும் கேட்கவில்லை. ஸ்டேஷனில் தன் புகார் ஏற்கெனவே இருக்கிறது, நம்பர் மனப்பாடம், போகிற வழியில் பேசிவிடுகிறேன் என்றாள். சந்தின் முனையில் ஒரு நிமிடம் நின்று, டேப்பின் கக்கத்தில் இருந்த துணியைத் தொட்டாள்.

"அவர் கேட்டா குடுத்துடாதீங்க அக்கா. அதைப் பின்னினப்போ நான் நல்லா இருந்தேன்."

கடையின் தெரு ஜன்னலில் கர்ட்டனை மாட்டி முடித்தபோது அவள் ரவிக்கை முதுகோடு ஒட்டியிருந்தது. நாத்தனாரிடம் இரண்டே வாக்கியத்தில் விஷயத்தைச் சொன்னாள். நாத்தனார் தன் நாற்காலியை இழுத்து வாசற்படியில் போட்டுக்கொண்டாள்.

அவன் முக்கால் மணி நேரம் கழித்து வந்தான். படிய வாரிய தலை, இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஒன்றுமில்லை. இப்படி ஒரு மனிதர் வந்தால் உட்காருங்கள் என்றுதான் யாரும் சொல்வார்கள். டேப்பும் சொன்னாள். அவன் உட்காரவில்லை. நேராக ஜன்னலுக்குப் போய், கர்ட்டனின் கீழ் ஓரத்தை விரலால் தடவிக்கொண்டே போனான். ஒரு இடத்தில் விரல் நின்றது. மடிப்பைப் பிதுக்கி உள்ளே பார்த்தான். பார்த்துவிட்டுப் புன்னகைத்தான்.

யார் கொடுத்தது என்று கேட்டான். அந்த மாடியில் இருந்த பொம்பளை, வீட்டைக் காலி செய்தபோது விற்றுவிட்டுப் போனாள் என்றாள். எப்போது? மழைக்கு முன்னால். எங்கே போனாள்?

"எங்கிட்ட அளவு மட்டும்தான் சார் இருக்கும்," என்றாள். நோட்டைத் திருப்பிக் காட்டினாள். 'மாடி மூலை, பறவைப் போர்வை.' பெயர் எழுதாத தன் பழக்கத்துக்கு மனதுக்குள் கும்பிட்டாள்.

"நான் இதை எடுத்துக்கறேன்."

"சாம்பிள் சார். விக்கறது இல்லை." தனக்குத் தெரிந்த ஒரே வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டாள். "உங்க ஜன்னல் எத்தனை அடி? சொல்லுங்க, இதே மாதிரி தெச்சுத் தர்றேன்."

அவன் அவளையே பார்த்தான். வாசற்படியிலிருந்து நாத்தனாரின் குரல் தெருவுக்கே கேட்க எழுந்தது.

"ஜன்னல் அளவு தெரியாம கர்ட்டன் வாங்க வந்தீங்களா தம்பி? தலை அளவு தெரியாம தொப்பி வாங்கற ஆளு போல இருக்கே. வீட்டுல கேட்டுட்டு வாங்க. வீட்டுல ஆள் உண்டுல்ல?"

பக்கத்துக் கடைக்காரர் எட்டிப்பார்த்தார். தெருவில் இரண்டு பேர் நின்றார்கள். அவன் சட்டைக் கையை நீவிவிட்டுக்கொண்டான். மறுபடி வர்றேங்க என்று அதே மரியாதையோடு சொல்லிவிட்டு நாத்தனாரின் நாற்காலியைச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனான். அவன் முனை திரும்பும்வரை நாத்தனார் வாயில் வைத்த நூலைக் கடிக்கவே இல்லை.

மூன்று மணிக்கு பிரஸ்காரர் பதறிக்கொண்டு வந்தார். இரண்டு நிமிடத்தில் படத்தைத் தூக்கிவிடுகிறேன் என்றார். டேப்பு முதலில் பாஸ்வேர்டைத் தன் நோட்டில் எழுதி வாங்கினாள். மற்ற வீட்டு ஜன்னல் படங்களை எல்லாம் நீக்கச் சொன்னாள். வீடு வீடாகப் போய்க் கேட்ட பிறகுதான் திரும்பப் போடுவேன் என்றாள். பறவைப் படம் இருந்த இடத்தில் மட்டும், அதே கர்ட்டனைக் கடை ஜன்னலில் வைத்துப் புதிதாக ஒரு படம் எடுத்துப் போட்டாள். கீழே கடையின் விலாசம். அவன் மறுபடி பார்த்தாலும் பறவைகள் இங்கேதான் இருக்கும்.

இருபது நாள் கழித்து, தெரியாத ஒரு பெண் கடைக்கு வந்து, மாடி மூலைக்கு அவள் திரும்பிவிட்டாள், செய்தித்தாளைக் கிழித்தாயிற்று, சாம்பல் நிறத்தில் ஒன்று தைக்க வேண்டுமாம் என்று அளவுச் சீட்டைக் கொடுத்துவிட்டுப் போனாள். உள்துணி இரண்டு மடங்கு. டேப்பு அன்றைக்கே தைத்து அனுப்பினாள். தானே போய் மாட்டவில்லை. எந்த முகம் எங்கே நின்று பார்க்கிறதோ.

பறவைகள் கடை ஜன்னலிலேயே தொங்குகின்றன. வெயிலில் நீலம் வெளுக்க ஆரம்பித்துவிட்டது. அவற்றை மாற்றவும் முடியாது. படிய வாரிய தலை எதிர்ச் சாரியில் போனால் அவள் கத்தரிக்கோல் துணியின் நடுவிலேயே நின்றுவிடும். கூப்பிடும் போன் ஒவ்வொன்றையும் இடது கையால் நாடாவைப் பிடித்துக்கொண்டுதான் எடுக்கிறாள். வெப்சைட் பார்த்தேன் என்று குரல் தொடங்கும். அவள் மூச்சு விடாமல் காத்திருப்பாள்.

"அடி என்ன விலைங்க?" என்று கேட்ட பிறகுதான் உட்காருவாள்.