செவுளில் படிந்த பச்சை

அவள் பேப்பரைப் பிரித்தாள். மூன்றாம் பக்கத்தில், கட்டம் கட்டி, அவள் கவிதை.

முந்தின நாள் செய்தி ஒன்றை நாலைந்து வரியாக்கி அனுப்புவாள். 'மின்மினி' என்ற பெயரில் அது வரும். மின்மினி யாரென்று வீட்டில்கூடத் தெரியாது. பேப்பரில் இல்லாத எதையும் எழுதக்கூடாது என்று தனக்குத்தானே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தாள். நேற்று கை மீறிவிட்டது.

வெயில் கொன்றதாம் மீன்களை.
செவுளில் படிந்த பச்சையை
எந்தச் சூரியன்
பூசிவிட்டுப் போனது?

ஆற்றில் மீன்கள் செத்து மிதந்தது வெயிலால்தான் என்று பேப்பர் சொன்னது. அவள் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தின் அறிக்கையும் அதையே சொன்னது. பச்சையைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை. அது செம்பு உப்பு. மேல்கரை ஆலையைத் தவிர அது வர வேறு வழி கிடையாது. மீனை அறுத்தபோது பார்த்தவர்கள் மேலாளர், மூத்த உதவியாளர், அவள்.

ஆய்வுக்கூடத்தில் கால் வைத்ததும் மேலாளர் அவளையும் உதவியாளரையும் அறைக்கு அழைத்தார். மேசையில் அதே பக்கம்.

"கவிராயரே, நல்லாத்தான் எழுதியிருக்கீங்க."

சோதனைக்குழாய் கழுவும்போதும் எதுகை மோனையோடு பேசுகிற உதவியாளருக்கு அங்கே அதுதான் பெயர். அவர் சிரித்தார். "நானா? என் கவிதைய என் பொண்டாட்டியே காது குடுத்துக் கேக்க மாட்டா சார். பேப்பர்காரன் போடுவானா?"

"வெளையாடாதீங்க. அறுத்தது நாம மூணு பேர். நான் எழுதல. இந்தப் பொண்ணு வாயில்லாப் பூச்சி, டீ வேணுமான்னு கேட்டாலே தலையத்தான் ஆட்டும். வேற யாரு?"

கவிராயர் முகத்தில் ஈயாடவில்லை. "சத்தியமா நான் இல்ல சார்."

"ஆலைக்காரங்களுக்கு ஒரு ஆள் வேணுமாம். அடையாள அட்டையக் கழட்டி வச்சிட்டு வெளிய நிக்கிற வண்டியில ஏறுங்க. அவங்ககிட்டயே பேசிக்கங்க."

அவள் சன்னல் வழியே பார்த்தாள். வாசலில் வெள்ளை வண்டி உறுமிக்கொண்டிருந்தது. பின்கதவைத் திறந்து பிடித்தபடி ஒருவன் நின்றான்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். இத்தனை வருஷம் அதைத்தானே செய்தாள்? கவிராயர் அட்டையைக் கழற்றினார். கயிறு காதில் சிக்கிக்கொண்டது.

"சார்."

தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"அதுல கடைசி வரிய... பேப்பர்காரங்க வெட்டிட்டாங்க."

"எந்த வரி?"

மேசையிலிருந்த பக்கத்தைப் பார்த்தபடி சொன்னாள். "அறுத்த கையில் நாற்றம் இன்னும் போகவில்லை."

"பாப்பா, சும்மா இரு!" கவிராயர் பதறினார். "சார், அது ஏதோ உளறுது."

மேலாளர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. போனை எடுத்தார். "ஆமா... அவர் இல்ல. பொண்ணு." கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு போனைக் கையால் பொத்திக்கொண்டு, மெதுவாக, அக்கறையாகக் கேட்டார்.

"வீட்ல யாரெல்லாம் இருக்காங்கம்மா?"