கீழத்தெருக் கிணறு

நாரையேரிக்கு வரலாறு வேண்டும் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. ஏரிக்கரையில் புதிதாக எழும்பிய விடுதிக்காரர்களுக்குத்தான் திடீரென்று அது தேவைப்பட்டது. வலங்கைமான் பக்கம் கோயில் பார்க்க வருகிறவர்கள் சனி, ஞாயிறு தங்கி, படகில் ஏறி, வறுத்த மீன் தின்றுவிட்டுப் போகிற ஊர் இது. அவர்கள் பக்கத்தில் நின்று படமெடுத்துக்கொள்ள வாசலில் ஒரு பலகை வேண்டாமா? எழுதும் வேலை மேலாளர் மோகனப்பிரியாவின் தலையில் விழுந்தது.

அவள் கெட்டிக்காரப் பெண். இரண்டே நாளில் எழுதிவிட்டாள். படகுத்துறையைப் பெருக்கிக்கொண்டிருந்த நீலாம்பாளைக் கூப்பிட்டு, பெருமையோடு வாசித்தும் காட்டினாள். 'ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறில் கரை உயர்த்தப்பட்டு ஏரி விரிவானது. அதற்கு முன் இப்பகுதி ஆளில்லாத புறம்போக்காக இருந்தது.'

நீலாம்பாள் துடைப்பத்தைக் கீழே வைத்தாள். அவள் எதிர்த்துப் பேசி அந்தத் துறையில் யாரும் பார்த்ததில்லை.

"ஆளு இருந்தாங்க மேடம். முப்பத்தோரு வீடு. கீழத்தெருன்னு பேரு. நான் அங்கதான் வாக்கப்பட்டு வந்தேன்."

"ரெக்கார்டுல புறம்போக்குன்னுதானே இருக்கு, நீலாம்மா?"

"பட்டா இல்லாதவங்க வீடு கட்டுனா புறம்போக்குதான். அதுக்காக ஆளே இல்லன்னு ஆயிடுமா?"

மோகனப்பிரியாவுக்குச் சுருக்கென்றது. "ஏதாவது ஆதாரம் இருந்தா சொல்லுங்க. சேத்துடலாம்."

ஆதாரத்துக்கு எங்கே போவது? முப்பத்தொரு குடும்பங்களுக்கும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் மனை கொடுத்தார்கள். பாதிப் பேர் விற்றுவிட்டுத் திருப்பூருக்குப் போனார்கள். மீதிப் பேர் வயதாகி ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். நீலாம்பாளின் கணவன் சாமிதுரை இறந்து ஒன்பது வருடம். மகன் வளவனும் திருப்பூரில்தான். ஞாயிற்றுக்கிழமை போன் செய்து, சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவான். மற்ற ஆறு நாளும் அவளிடம் அதைக்கூடக் கேட்க ஆளில்லை.

ஆனால் ஆதாரம் இருந்தது. நட்ட நடு ஏரியில் ஒரு இடம் வந்தால் எல்லாப் படகும் வளைந்து போகும். ஏன் என்று கேட்டால், "அது கிணத்தடி" என்பான் படகோட்டி ரஞ்சித். அதற்கு மேல் அவனுக்குத் தெரியாது. கீழத்தெருக் கிணற்றின் கைப்பிடிச் சுவர் அங்கேதான் முழுகிக் கிடந்தது. சித்திரைக் கடைசியில் ஏரி வற்றும்போது முழம் உயரம் வெளியே தெரியும்.

அந்தத் தெருவுக்கு வாழ வந்த பெண் முதல் குடத்தை அந்தக் கிணற்றில்தான் சேந்த வேண்டும். தெரு முழுகிய பிறகும் பெண்கள் விடவில்லை. வருடத்துக்கு ஒருமுறை சுவர் தலைகாட்டியதும் பரிசலில் போய் ஆளுக்கொரு குடம் தண்ணீர் அதன்மேல் ஊற்றுவார்கள். முப்பது குடம், பத்து குடம் என்று குறைந்து, கடந்த ஆறு வருடமாக ஒரே குடம். ஊற்றுபவள் நீலாம்பாள்.

இன்னொன்றும் உண்டு. அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. கல்யாணமான வருடம் அந்தச் சுவருக்குப் பூச்சு வேலை செய்தவன் சாமிதுரை. ஈரச் சிமெண்டில் இடது கையைப் பதித்து வைத்திருந்தான். அவர்களுக்குக் கல்யாணப் போட்டோ கிடையாது. ரேஷன் கார்டுப் படத்தில் அவன் வேறு யாரோ போலிருந்தான். அந்தக் கைதான் அவன். குடத்தைக் கவிழ்த்த பிறகு அந்தப் பள்ளத்தில் தன் கையை வைத்துக்கொண்டு சற்று நேரம் இருப்பாள். வருடத்துக்கு அவளுக்கு அது போதும்.

"கிணறு இருக்கு. வாங்க, காட்டுறேன்," என்றாள்.

சித்திரை முடிகிற சமயம். ரஞ்சித்தின் படகில் போனார்கள். நீருக்கு மேலே பாசி படிந்த வளையத்தைப் பார்த்து மோகனப்பிரியா அசந்துபோனாள். சுற்றிச் சுற்றிப் படம் பிடித்தாள். "இது போதும் நீலாம்மா. கண்டிப்பா எழுதிடலாம்."

கை இருந்தது சுவரின் உட்பக்கத்தில். சொல்லலாம் என்று நீலாம்பாள் வாயெடுத்தாள். பக்கத்தில் ரஞ்சித் நின்றான். அறுபத்தைந்து வயதில் புருஷன் கையைக் காட்டிக்கொண்டு நிற்பதா என்று கூச்சம் வந்துவிட்டது. சொல்லாமலே திரும்பினாள்.

படங்கள் முதலாளிக்குப் போயின. அவர் வரலாற்றைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தார். குழந்தைகள் ஏறுகிற படகு மோதினால் யார் பதில் சொல்வது? மேட்டூர் திறந்து தண்ணீர் வருவதற்குள் இடித்துவிடச் சொன்னார். பேத்தியின் காதுகுத்துக்காக நீலாம்பாள் திருப்பூர் போயிருந்த நான்கு நாளில் வேலை முடிந்தது.

திரும்பி வந்தவளை மோகனப்பிரியா கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போனாள். பலகை நின்றது. 'இங்கே கீழத்தெரு இருந்தது. முப்பத்தொரு குடும்பங்கள் வாழ்ந்தன.' பலகைக்குக் கீழே மேடை கட்டி ஒரு சுவர்த்துண்டை வைத்திருந்தார்கள்.

"முழுசா ஒடச்சுக் கொட்டச் சொன்னாரு. நான்தான் சண்டை போட்டு உங்க கிணத்துலேருந்து இதை மட்டும் எடுத்து வச்சேன்."

நீலாம்பாள் குந்தி உட்கார்ந்து அந்தத் துண்டைத் தடவினாள். மேலே, கீழே, நாலு பக்கமும். வழுவழுவென்று இருந்தது.

"மீதி எங்க மேடம்?"

"கார் நிறுத்துற எடத்துல பள்ளமா இருந்துச்சுல்ல? அதுல கொட்டி ரோலர் ஓட்டியாச்சு. ஏன் நீலாம்மா?"

அந்தப் பெண்ணின் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். அதைக் கெடுக்க நீலாம்பாளுக்கு மனம் வரவில்லை.

"சும்மாதான் கேட்டேன். நல்லாருக்கு மேடம்."

ஆடியில் ஏரி நிரம்பியது. கொஞ்ச நாள் ரஞ்சித் பழக்கதோஷத்தில் வளைந்து போனான். பிறகு அவனும் நேராகப் போகப் பழகிக்கொண்டான். கார் நிறுத்துமிடத்தைப் பெருக்குகிற வேலையையும் நீலாம்பாள் கேட்டு வாங்கிக்கொண்டாள். காலையில் வண்டிகள் வருமுன் துடைப்பத்தை வைத்துவிட்டு, குனிந்து, தரையில் உள்ளங்கையைப் பதித்து வைப்பாள். எந்த இடம் என்று தெரியாததால், தினமும் ஒரு இடத்தில்.