மாரிஸ் மைனருக்கு பிரேக் டெஸ்ட்

அஞ்சுகிராமத்தில் நான் உரக்கடை நடத்துகிறேன். கடைக்கு நான் தினமும் போய்வருவது 1956-இல் செய்த மாரிஸ் மைனர் காரில். பதினோரு வருடத்துக்கு முன்பு நெய்யூரில் ஒரு டாக்டர் குடும்பம் வீட்டைக் காலி செய்தபோது, ஷெட்டுக்குள் கோழி அடைந்துகொண்டிருந்த அந்த வண்டியை வாங்கினேன். மெக்கானிக் பெர்லின் ஒன்றரை வருடம் பாடுபட்டு அதை ஓடவைத்தார். மதியத்துக்கு மேல், உரம் கேட்ட தோட்டத்துக்குப் பின்சீட்டில் இரண்டு மூட்டை பொட்டாஷும் கொண்டுபோவேன்.

வண்டியைத் திருப்பும்போது பக்கவாட்டுத் தூணிலிருந்து ஒரு சின்னக் கை எழுந்து நீட்டும். அந்தக் காலத்து இண்டிகேட்டர் அது. பின்னால் பைக்கில் வருகிறவர்களுக்கு அது விளங்காது என்பதால் மஞ்சள் விளக்கும் வைத்தேன். சீட் பெல்ட்டும் மாட்டினேன்.

இந்த வருடம் மார்ச் முப்பத்தொன்றாம் தேதியோடு வண்டியின் பதிவு முடிகிறது. அதைத் தெரிந்துகொண்டு மூன்றாம் தேதி ஆன்ட்ரூஸ் அண்ணாச்சி கடைக்கு வந்தார். எங்கள் பக்கத்துப் பழைய கார்காரர்கள் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். அவரிடம் ஓர் ஆஸ்டின் இருக்கிறது. தோஹாவில் வேலை பார்க்கும் என் மகன் அபிலாஷிடம் ஏற்கெனவே பேசிவிட்டு, விண்டேஜ், அதாவது பழங்கால வண்டி என்கிற பதிவுக்கான விண்ணப்பத்தை நிரப்பியே கொண்டுவந்திருந்தார்.

"கையெழுத்து மட்டும் போடுங்க, கனியம்மா. அந்த மஞ்ச லைட்டையும் பெல்ட்டையும் களத்தணும். மத்தபடி வண்டி தங்கம்."

எந்தத் தாளையும் இரண்டு முறை வாசிக்காமல் நான் கையெழுத்துப் போடுவதில்லை. மூன்றாம் பக்கத்தில் விதிகள் இருந்தன. கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது ஆகியவற்றுக்கு அல்லாமல் வண்டியைச் சாலையில் ஓட்டக் கூடாது.

"அண்ணாச்சி, இதுல ஒப்பு போட்டா நான் கடைக்கு எதுல வருவேன்?"

"ஆட்டோ கெடக்குல்லா."

"வண்டி?"

"வண்டி ஷெட்டுல ராஜா மாதிரி நிக்கும். வருஷத்துல நாலு ஷோ. லாரி நம்ம சங்கமே பிடிச்சுத் தரும்."

"ஓடுத வண்டிய என்னத்துக்கு லாரியில ஏத்தணும்?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஒரு டாக்டரு இருந்த சீட்டுல நீங்க பொட்டாஷ ஏத்துதிய. பாக்கச்சில எனக்கு வயிறு எரியுது."

"அந்த டாக்டரு காய்ச்சக்காரனத் தூக்கிப் போட்டுக் கொண்டுபோன சீட்டும் அதுதான். பொட்டாஷு வாந்தி எடுக்காதே."

"எனக்க ஆஸ்டின வந்து பாருங்க. ஒரு கீறல் உண்டா?"

"கீறல் விழ நீங்க எப்ப விட்டிய? அது கடைசியா எப்ப சர்ச்சுக்கு வந்துது?"

அவர் தாளைக் கல்லாப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

அன்று மாலை அபிலாஷ் பேசினான். "அம்மா, சாதாரணப் பதிவுண்ணா டெஸ்டுக்குக் கொண்டு போவணும். அது அறுபத்தொம்பது வருஷத்துப் பிரேக்கு. பெயிலாச்சுண்ணு வையி, முப்பத்தொண்ணுக்குப் பொறவு ரோட்டுல எறக்க முடியாது. பேசாம ஒப்பு போடு."

"ஒப்பு போட்டாலும் ரோட்டுல எறக்க முடியாது, மக்கா."

"விண்டேஜுண்ணா ஒரு மரியாதை உண்டும்லா."

"எனக்கு மரியாதை வேண்டாம். வண்டி வேணும்."

பதினேழாம் தேதி திங்கட்கிழமை டெஸ்டுக்கு நாள் கிடைத்தது. பெர்லின் பத்து நாள் முன்பே பிரேக் முழுவதையும் பிரித்துப் பார்த்து மாட்டிவிட்டார். நான்தான் ஒரு புத்திகெட்ட காரியம் செய்தேன். அதிகாரி முன்னால் வண்டி பளபளவென்று நிற்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, போகிற வழியில் டெஸ்ட் நடக்கும் மைதானத்துக்குச் சற்று முன்னால் இருந்த கடையில் வாட்டர் சர்வீஸுக்கு விட்டேன். அடியிலும் சக்கரத்திலும் நன்றாக அடிக்கச் சொன்னேன்.

மைதானத்தில் பெர்லின் காத்திருந்தார். ஆன்ட்ரூஸ் அண்ணாச்சியும் வந்திருந்தார், கையில் அதே விண்ணப்பத்தின் நகலோடு.

ஆய்வாளர் இளவயதுக்காரர், வெளியூர். பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைத் தேடினார்.

"எங்கம்மா இருக்கு?"

நான் டிரைவர் சீட்டின் காலடி விரிப்பைத் தூக்கி, தகட்டைக் கழற்றிக் காட்டினேன். இந்த வண்டியில் அது தரைக்கு அடியில்தான் இருக்கும். அவர் குனிந்து பார்த்துச் சிரித்துவிட்டார். விளக்கு, ஹாரன், வைப்பர் எல்லாம் சரி என்றார். பிறகு முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்து கோட்டருகே நிறுத்தச் சொன்னார்.

பிரேக்கை மிதித்தேன். வண்டி இடப்பக்கம் வெட்டி இழுத்துக்கொண்டு போய்க் கோணலாக நின்றது.

"பாஸ் பண்ண முடியாதும்மா. இன்னும் ஒரு தடவை தரேன், வரிசையில கடைசியா வாங்க. அதுவும் இழுத்தா ரிஜெக்ட்தான். விண்டேஜ்ல போட்டிருந்தா இந்தப் பாடே கிடையாதே."

"எனக்கு இந்தப் பாடுதான் வேணும், சார்."

ஆன்ட்ரூஸ் அண்ணாச்சி பக்கத்தில் வந்து பேனாவை நீட்டினார். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போவல, கனியம்மா."

பெர்லின் அவரைக் கண்டுகொள்ளாமல் வலது முன்சக்கரத்துக்கு அருகில் குந்தினார். கீழே மண்ணில் சொட்டு விழுந்துகொண்டிருந்தது.

"அக்கா, வாட்டர் சர்வீஸ் பண்ணுனியளா?"

"ஆமா."

"யாரு செய்யச் சொன்னா? பிரேக் ட்ரம்முக்குள்ள தண்ணி. இந்தச் சக்கரம் பிடிக்கல்ல, அந்தச் சக்கரம் மட்டும் பிடிக்குது."

"இப்ப என்ன செய்யணும்?"

"பிரேக்குல லேசா கால வச்சே ஓட்டுங்க. சூடாயித் தண்ணி காயட்டு."

எனக்கு முன்னால் ஏழு வண்டிகள் இருந்தன. மைதானத்தின் வெளிச்சாலையில் முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் பிரேக்கை அழுத்தியபடியே ஆறு சுற்று வந்தேன். நாலாவது சுற்றில் சக்கரத்திலிருந்து ஆவி கிளம்பியது. பார்த்து நின்றவர்கள் வண்டி எரிகிறது என்று சத்தம் போட்டார்கள். நான் நிறுத்தவில்லை.

என் முறை வந்தது. முப்பதுக்கு ஏற்றினேன். கோட்டருகே பெடலை அடிவரை மிதித்தேன். வண்டி மூக்கைத் தாழ்த்தி, எந்தப் பக்கமும் சாயாமல் நேராக நின்றது. ஆய்வாளர் சுற்றி வந்து பார்த்து, ஐந்து வருடத்துக்குப் பதிவைப் புதுப்பிக்கப் பரிந்துரை எழுதினார்.

ஆன்ட்ரூஸ் அண்ணாச்சி தரையில் விழுந்திருந்த டயர்த் தடங்களைக் குனிந்து பார்த்தார். இரண்டும் ஒரே நீளம்.

"இப்படிப் போட்டு ஓட்டுனா அஞ்சு வருஷத்துல இந்த வண்டியில மிச்சம் ஒண்ணும் இருக்காது."

"இருக்காட்டி போவட்டு, அண்ணாச்சி. ஓடித் தேஞ்சுதுண்ணு இருக்கட்டு."

"பொறவு வருத்தப்படுவிய."

"அத அப்பப் பாத்துக்கிடலாம். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வழியில சுசீந்திரம் பாலத்துல கூட்டம் கூடுததுக்கு முன்ன நான் கடைக்குப் போவணும்."